பழைய காரும் தவணைக் கடனும்

பழைய மோட்டார்க் கார் ஒன்றைத் தவணைக் கடனில் எடுத்தவர், பத்து நாளில் அது பழுதுற்றுத் தெருவில் நின்றுவிட்டால், முதலில் நாடுவது அதனைக் காட்டிய வியாபாரியையே. “பத்திரம் நிதிக் கம்பனியோடு அல்லவா எழுதியிருக்கிறீர்கள்? அங்கே போய்க் கேளுங்கள்” என்பார் வியாபாரி. கம்பனிக்குச் சென்றாலோ, “நாங்கள் பணம் கொடுத்தவர்கள், வண்டியைக் கண்ணாலும் கண்டதில்லை” என்ற விடை கிடைக்கும். இவ்விரு வாசல்களுக்குமிடையே அவர் அலையும்போது, தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்து சேரும். இப்பிணக்கைத் தீர்க்க விரும்புவோர் முதலில் தெளியவேண்டிய வினா ஒன்றே: சட்டத்தின் கண்ணில் இந்தக் காரைக் கொடுத்தவர் யார்?

வாடகைக் கொள்வனவு என்னும் முறையில் இதற்கான விடை பலருக்கு வியப்பளிக்கும். வியாபாரி காரைக் கம்பனிக்குக் கைக்காசுக்கு விற்றுவிடுகிறார். கம்பனி அதனைப் பாவனையாளருக்கு வாடகைக்கு விடுகிறது. கடைசித் தவணை கட்டிய பின்னரே உரிமை கைமாறும். ஆகவே வியாபாரிக்கும் பாவனையாளருக்கும் இடையில் விற்பனை ஒப்பந்தம் என்று ஒன்று இல்லவே இல்லை. இம்முறைக்கு இங்கிலாந்தில் உறுதியான அடித்தளமிட்டது காரன்று, ஒரு பியானோ. தவணைமுறையில் எடுத்த பியானோவை ஒருவர் அடகு வைத்துவிட, அது உரிமையாளருக்கே சொந்தமென 1895ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்த்தது. கம்பனிகள் இத்தீர்ப்பைக் கேடயமாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆனால் உரிமையாளர் என்ற பெயரோடு சில கடமைகளும் கூடவே வருகின்றன என்பது பிற்காலத்திலேதான் விளங்கிற்று.

அதனை விளக்கியவற்றுள் முக்கியமானது 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கார்சேல்ஸ் வழக்கு. ஒருவர் பழைய பியூக் கார் ஒன்றைப் பார்வையிட்டார். ஓட்டமும் தோற்றமும் நன்றாக இருந்தன. விலை 600 பவுண். வாடகைக் கொள்வனவுக்கு ஏற்பாடு செய்தால் எடுப்பதாக அவர் இசைந்தார், பத்திரங்களும் எழுதப்பட்டன. பின்னர் ஓர் இரவு அந்தக் காரை இழுத்து வந்து அவரிடத்தின் வெளியே விட்டுச் சென்றுவிட்டனர். விடிந்து பார்த்தபோது புதிய டயர்கள் இருந்த இடத்தில் பழையவை; வானொலிப் பெட்டி இல்லை; சிலிண்டரின் தலைப்பகுதி கழற்றப்பட்டிருந்தது; வால்வுகள் எரிந்திருந்தன; இரண்டு பிஸ்டன்கள் உடைந்திருந்தன. தன் வலுவால் ஓரடியும் நகர இயலாத அப்பொருளை அவர் ஏற்க மறுத்தார். அவ்வாறு உடனே மறுத்தது அவருக்குப் பெருந்துணையாயிற்று.

தவணைப் பணம் கோரி வழக்குத் தொடுத்தவர்கள் பத்திரத்திலிருந்த ஒரு வாசகத்தைக் காட்டினர். வண்டி தெருவில் ஓடத் தகுந்தது என்றோ, அதன் வயது, நிலைமை, தகுதி பற்றியோ உரிமையாளர் எவ்வித உறுதியும் தரவில்லை என்பது அதன் சாரம். கீழ் நீதிமன்றத்தில் அவர்கள் வென்றனர். மேன்முறையீட்டில் டெனிங் பிரபுவும் உடனிருந்த நீதியரசர்களும் அதனை மாற்றினர். கார் தருவதாக ஒப்பந்தம் செய்தவர் ஓடாத இரும்புக் குவியலைத் தந்துவிட்டு, விலக்கு வாசகத்தின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் கருத்து. ஒப்பந்தத்தின் அடிப்படையை மீறியவருக்கு விலக்கு வாசகம் ஒருபோதும் உதவாது என்ற இக்கோட்பாட்டைப் பிரபுக்கள் சபை 1980ஆம் ஆண்டில் கைவிட்டது உண்மையே. எனினும் அதற்குள், 1977ஆம் ஆண்டில், நியாயமற்ற ஒப்பந்த வாசகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றிவிட்டது.

அப்படியாயின் வியாபாரி முற்றாகத் தப்பிவிடுவாரா? அதே 1956ஆம் ஆண்டில் இன்னொரு வழக்கு இதற்கு விடையளித்தது. கார் மிக நல்லதென்று தம் உயிரையே பணயம் வைப்பவர்போல உறுதி கூறி, வியாபாரி ஒருவர் பழைய கார் ஒன்றை வாடகைக் கொள்வனவில் எடுக்கச் செய்தார். சில நாள்களில் சுக்கான் இணைப்பு பழுதுற்று, கார் லொறியோடு மோதியது, ஓட்டியவர் படுகாயமடைந்தார். விற்பனை ஒப்பந்தம் இல்லாவிடினும், அந்த வாயுறுதியை நம்பியே அவர் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தாராதலின் வியாபாரி நட்டஈடு செலுத்தவேண்டுமென நீதிமன்றம் தீர்த்தது. திறமையான மெக்கானிக் ஒருவர் பார்த்திருந்தால் அக்குறை தெரிந்திருக்கும் என்பதும் அவருக்கு எதிராக நின்றது. வாங்குமுன் சொல்லப்பட்ட சொற்களை அன்றே குறித்துவைப்பது வீண்வேலையன்று.

குறையைக் கண்டபின் சிலநாள் ஓட்டியதாலேயே உரிமை போய்விடுமோ என அஞ்சுவோர் பலர். 1970ஆம் ஆண்டு வழக்கொன்றில், குறைபாடுள்ள மோட்டார்ச் சைக்கிளை எடுத்தவர் ஏறத்தாழ 4,000 மைல் ஓட்டியிருந்தார். ஆயினும் தொடக்கம் முதல் விடாமல் முறையிட்டு, திருத்துவதற்கு வாய்ப்பும் அளித்து வந்தமையால், அதனை நிராகரிக்கும் உரிமை அவருக்கு நிலைத்தது. மௌனமாக ஓட்டியிருப்பின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் இன்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழியை எளிதாக்கியிருக்கிறது. வாடகைக் கொள்வனவாயின் பொறுப்புக் கம்பனியுடையது. குறையுள்ள காரை 30 நாளுக்குள் நிராகரிக்கலாம். ஆறு மாதத்துக்குள் தோன்றும் குறை, மாறாக நிறுவப்படாவிடின், கொடுத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். ஒருமுறை திருத்தியும் பயனில்லையேல் திருப்பிக் கொடுக்கலாம். கம்பனி எட்டு வாரத்துள் தக்க விடை தராவிட்டால், நிதிச் சேவைகளுக்கான ஒம்பூட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது. வங்கிக் கடன் பெற்று வியாபாரியிடமே நேராக வாங்கியவருக்கு அக்கட்டளைச் சட்டம் துணை நிற்கும். அங்கே விற்றவர் வியாபாரியே. வாடகைக் கொள்வனவுக்கு 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கப் பாவனையாளர் கடன் சட்டமும், லீசிங் முறைக்கு 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. லீசிங் பத்திரங்கள் பெரும்பாலும், வண்டியைத் தெரிந்தெடுத்தவர் பாவனையாளரே என எழுதிப் பொறுப்பை அவர்மேல் சுமத்துகின்றன. கையொப்பமிடுமுன் படிக்கவேண்டிய பகுதி அதுவே. விலக்கு வாசகங்களுக்கு வரம்பிடவென 1997ஆம் ஆண்டில் இலங்கையிலும் ஒரு சட்டம் வந்தது.

எந்த முறையாயினும், குறை கண்டவுடன் வியாபாரியோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டி, குறைகளை எழுத்தில் பெறுதல் நன்று. அதன் பிரதியோடு வியாபாரிக்கும் கம்பனிக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பவேண்டும். கோபத்தில் தவணையை நிறுத்துவது பெருந்தவறு. அதனால் பேச்சு காரின் குறையிலிருந்து பாவனையாளரின் குறைக்கு மாறிவிடும், கம்பனி வண்டியைக் கைப்பற்றவும் முனையும். சட்டத்தரணியின் ஆலோசனை பெறும்வரை, ஆட்சேபனையோடு செலுத்துவதாக எழுதிச் செலுத்தலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடமும் முறையிடலாம். அம்முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் செய்யப்படல் வேண்டும். “அடுத்த கிழமை பார்ப்போம்” என்று வியாபாரி சொல்லும் ஒவ்வொரு கிழமையும் அந்த மூன்று மாதத்துள் அடங்கியதே.