முள் சொன்னதை நம்பினோம், ஆள் சொன்னதை நம்பவில்லை
சரக்கு வண்டியில் வெப்பமானி பொருத்துவது பற்றி ஓர் அனுபவம்



தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்காத வியாபாரி நம்மில் யாரும் இல்லை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போடுகிறோம். இடையில் சந்தேகம் வந்தால் படிக்கல்லை வைத்துச் சோதிக்கிறோம். ஆனால் பல லட்சம் ரூபாய் போட்டு வாங்கிய சரக்கு வண்டியில், ஓட்டுநருக்கு எதிரே இருக்கும் வெப்ப முள் உண்மையைத்தான் காட்டுகிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நாங்கள் பார்க்கவில்லை. அதனால் எங்களுக்குப் பண நட்டம் ஏற்பட்டது. பணத்தைவிடப் பெரிய வருத்தமும் ஏற்பட்டது. அது மற்றவர்களுக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நாமக்கல்லில் நாங்கள் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். கொல்லிமலையில் சோளக்காடு, செம்மேடு பகுதிக் கடைகளுக்கு வாரம் இரண்டு நடை எங்கள் பிக்கப் வண்டி போகும். அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் டின் மேலே போகும்; மிளகு, காபிக் கொட்டை, பருவத்தில் அன்னாசி, பலா கீழே வரும். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வரை சமதளம்தான். அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு சின்ன கியரில் மெதுவாக ஏற வேண்டும். இன்ஜின் வேகமாகச் சுற்றும், வண்டி நகராது, ரேடியேட்டருக்குக் காற்று போதாது. சூடு ஏறுவதற்கு இதைவிட வேறு இடம் வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டு ஆடிப் பெருக்குக்கு முந்தைய வாரம், மலையில் கூட்டம் வரும் என்பதால் கடைக்காரர்கள் கூடுதலாகச் சரக்குக் கேட்டார்கள். நாங்களும் வழக்கத்தைவிட எட்டு மூட்டை அதிகமாக ஏற்றிவிட்டோம். அது எங்கள் தவறு. 40ஆவது வளைவைத் தாண்டியதும் வண்டியின் இழுவை குறைந்தது. இரண்டு வளைவுக்குப் பிறகு இன்ஜின் நின்றேவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டு வந்தோம். ஹெட் கேஸ்கட் எரிந்து, அலுமினிய ஹெட் வளைந்து, பிஸ்டனும் உரசியிருந்தது. செலவு 68,000 ரூபாய். வண்டி 19 நாள் பட்டறையில் நின்றது. அதுவரை வாடகை வண்டியில் சரக்கு அனுப்பினோம்.

எங்கள் ஓட்டுநர் 11 ஆண்டுகளாக எங்களிடம் இருந்தவர். "முதலாளி, முள்ளு நடுவுக்கு மேல ஏறவே இல்லைங்க. பார்த்துக்கிட்டேதானுங்க வந்தேன்" என்று அன்றே சொன்னார். நாங்கள் நம்பவில்லை. இன்ஜின் எரிகிற அளவு சூடு ஏறியிருக்கிறது, முள் ஏறவில்லை என்றால் யார் நம்புவார்கள்? கடையில் சுமை தூக்கும் ஆட்கள் முன்னிலையிலேயே, "மாதம் 2,000 ரூபாய் சம்பளத்தில் பிடிப்போம்" என்று சொல்லிவிட்டோம். அவர் பதில் பேசவில்லை. சாவியைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மாதச் சம்பளத்தை வாங்கவும் வரவில்லை. நாங்களும் கொடுத்தனுப்பவில்லை.

பட்டறையில் தெரிந்த உண்மை

வண்டியை எடுக்கப் போன அன்று மெக்கானிக் எங்களை அருகில் அழைத்துக் காட்டினார். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் கிளாம்ப் தளர்ந்து, ஏற்றத்தில் தண்ணீர் முழுவதும் வெளியேறியிருக்கிறது. முள்ளுக்குச் சேதி அனுப்பும் சென்சார், தண்ணீர் ஓடும் பாதையில் நனைந்தபடி இருக்க வேண்டியது. தண்ணீர் போன பிறகு அது வெறும் ஆவியிலும் காற்றிலும் நின்றிருக்கிறது. "தண்ணி இருந்தாத்தானுங்க தண்ணிச் சூட்டைச் சொல்லும்? இரும்பு கொதிக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெக்கானிக்.

இன்னொரு விஷயமும் சொன்னார். இப்போதைய வண்டிகள் பலவற்றில், சூடு சிறிது கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் அடிக்கடி ஆடினால் ஓட்டுபவர் பயந்து பட்டறைக்கு ஓடி வருவார் என்பதற்காக இந்த ஏற்பாடு. சில வண்டிகளில் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது காரியம் கெட்டிருக்கும்.

ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஒரு கசிவு ஏற்பட்டால் அழுத்தம் போய்விடும். 1,000 மீட்டர் உயரத்தில் திறந்த தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே மலையில் சிறு கசிவும் பெரிய விபத்துதான்.

அன்று மாலையே ஓட்டுநர் வீட்டுக்குப் போனோம். நிறுத்தி வைத்திருந்த சம்பளத்தைக் கொடுத்து, எல்லோர் முன்னிலையிலும் சொன்ன வார்த்தைக்கு வருத்தம் தெரிவித்தோம். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். வேலைக்கு வர ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "நான் நம்புற மாதிரி ஒரு மீட்டர் போட்டுக் குடுங்க முதலாளி. அப்புறம் வண்டி கெட்டா நான் பொறுப்புங்க."

எந்த வெப்பமானி?

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் அக்கா மகனிடம் தொலைபேசியில் இதைப் பற்றிக் கேட்டோம். அங்கே பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் கியர் பெட்டிக்கே தனியாக வெப்பமானி வைப்பார்கள் என்றார். அங்குள்ள வண்டிகள் பெரும்பாலும் தானியங்கி கியர். அதில் இன்ஜின் சக்தியைக் கடத்துவதே எண்ணெய்தான். பின்னால் டிரெயிலரைக் கட்டி மேடு ஏறும்போது அந்த எண்ணெய் சூடாகும். 80 முதல் 95 டிகிரி வரை சாதாரணம். 120 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் ஓடினால் எண்ணெய் கெட்டுக் கியர் பெட்டி போய்விடும் என்றார். நம் சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் கையால் மாற்றும் கியர்தான். அதற்கு எண்ணெய் அளவைப் பார்த்து, காலத்தில் மாற்றினால் போதும். நமக்குக் காவல் வேண்டிய இடம் இன்ஜின்.

இன்ஜினுக்கான மீட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணீரின் சூட்டை அளப்பது. மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு இணைப்பைப் பொருத்தி அதில் சென்சாரைத் திருகுவார்கள். மற்றொன்று ஹெட்டின் உலோகச் சூட்டையே அளப்பது. வளையம் போன்ற சென்சாரை ஒரு போல்ட்டின் அடியில் வைத்து முறுக்கிவிடுவார்கள். தண்ணீர் இருந்தாலும் போனாலும் இது சொல்லும். எங்கள் கதைக்கு இதுவே மருந்து என்று இரண்டாவது வகையை, சத்தம் கொடுக்கும் பஸரோடு வாங்கினோம். கூலியோடு 4,000 ரூபாய்க்குள் முடிந்தது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

லாரித் தொழிலுக்குப் பேர் போன ஊர் நம் நாமக்கல். வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் பக்கத்தில் நின்று பார்த்ததில் நாங்கள் கற்றவை இவை:

1. வேலையை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும்.

2. வளைய சென்சாரை ஹெட்டைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டில் வைக்கக் கூடாது. அதைத் தளர்த்தினால் கேஸ்கட் கெடும். தெர்மோஸ்டாட் அருகில் ஹெட்டோடு சேர்ந்த சிறிய போல்ட் போதும். புகைக்குழாய்க்கு அருகில் வைத்தால் தவறான சூடு காட்டும்.

3. தண்ணீர் சென்சார் வைப்பவர்கள் கவனிக்க: ஹோஸ் ரப்பரால் ஆனது, மின்சாரம் கடத்தாது. ஒற்றை வயர் சென்சார் என்றால் இணைப்பிலிருந்து தனி எர்த் வயர் எடுக்க வேண்டும். திருகு மரையில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மேல் சுற்றினாலும் எர்த் கிடைக்காமல் முள் பொய் சொல்லும்.

4. இன்ஜின் அறையிலிருந்து கேபினுக்கு வயர் வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் கிரோமெட் அவசியம். இல்லையெனில் தகடு வயரை அறுத்து ஷார்ட் ஆகும். ஃபேன் பெல்ட்டும் புகைக்குழாயும் வயரைத் தொடக் கூடாது.

5. சாவி போட்ட பிறகு மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து, தனி பியூஸ் வைத்து எடுக்க வேண்டும். வாரண்டி உள்ள புது வண்டியின் வயர்களை வெட்டி ஒட்டும் முன், விற்றவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

மீட்டருக்கும் முத்திரை

பொருத்தும் முன்பே சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பார்த்தோம். சமதளத்தில் 100 டிகிரிக்கு ஒன்றிரண்டு முன்பின் காட்ட வேண்டும். இதுதான் நாங்கள் போட்ட முத்திரை.

பிறகு ஒரு வாரம் வழக்கமான பாரத்தோடு ஓட்டி, ஏற்றத்தில் ஏறிய உச்ச அளவை ஓட்டுநர் எழுதி வந்தார். எங்கள் வண்டிக்கு அது 96. அதற்கு மேல் பத்து டிகிரி விட்டு, 106இல் பஸர் அடிக்கும்படி வைத்தோம். ஒவ்வொரு வண்டிக்கும் இந்த எண் மாறும். அவரவர் ஓட்டிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பஸர் அடித்தால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும். தண்ணீர் கசிந்தால் அல்லது ஆவி பறந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். கசிவு இல்லை, பாரத்தால் ஏறிய சூடு மட்டும்தான் என்றால் சில நிமிடம் நிற்கும் வேகத்தில் ஓட விட்டு ஆற வைக்கலாம். எக்காரணம் கொண்டும் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. முகமும் கையும் வெந்துவிடும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

மீட்டர் இருக்கிறதே என்று பாரத்தைக் கூட்டவும் கூடாது. 2019 சட்டத் திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய். அந்த எட்டு மூட்டைப் பாடத்துக்குப் பிறகு நாங்கள் எடை பார்த்தே ஏற்றுகிறோம்.

பலன்

2023 மாசி மாதம் ஒரு நாள், 22ஆவது வளைவில் பஸர் அடித்தது. வண்டியில் முன்பே இருந்த முள் அப்போதும் நடுவில்தான் நின்றதாம். நிறுத்திப் பார்த்தால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. சில நூறு ரூபாய் பெல்ட்டோடு காரியம் முடிந்து, சாயங்காலம் செம்மேட்டில் சரக்கு இறங்கியது.

அன்று ஓட்டுநர் கடைக்கு வந்து பெல்ட் வாங்கிய ரசீதைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். முன்பு சாவியை வைத்த அதே இடம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

வணிகப் பெருமக்களே! மலை வழியில் வண்டி ஓட்டும் நம் சங்கத்தினர் அனைவரும் இந்தச் சிறு செலவைத் தள்ளிப்போட வேண்டாம். வண்டி கெட்டு வந்தால், ஓட்டுநரைக் கேட்கும் முன் கருவியைச் சோதியுங்கள். எடை குறைந்தால் முதலில் தராசைப் பார்க்கிறோம் அல்லவா? அதே நியாயம் நமக்காக மலையேறும் மனிதருக்கும் வேண்டும்.