உங்களுக்குத் தெரியுமா? பவுண்டில் யானையையும் அடைக்கலாம்!

அடுத்தவர் பயிரை மேய்ந்த மாட்டை அடைத்து வைக்கும் பட்டிதான் பவுண்டு. இதற்கான சட்டம் 1871-இல் வந்தது. அதன்படி கால்நடை என்றால் ஆடு மாடு மட்டுமல்ல. கழுதை, பன்றி, ஒட்டகம், ஏன், யானையும் சேர்த்திதான்!

பயிர்க்காரரே மாட்டைப் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே தீனியும் தண்ணீரும் காட்டுவது பவுண்டுக்காரர் பொறுப்பு. அபராதத்தோடு அந்தச் செலவையும் கட்டினால் மாடு உரியவர் கைக்கு வரும். 7 நாளாகியும் யாரும் வராவிட்டால், மாட்டின் அடையாளத்தை எழுதி ஒட்டி, பிடிபட்ட ஊரிலும் பக்கத்துச் சந்தையிலும் தண்டோரா போட்டாக வேண்டும். இன்னும் 7 நாள் பொறுத்த பிறகே ஏலம். அந்த ஏலத்தில் பவுண்டுக்காரர் மாட்டை வாங்கக் கூடாது. ஏழை மாட்டுக்காரரைக் காப்பாற்றிய நல்ல விதி அது.