பனி செதுக்கிய கடல்: ஃபியார்டில் ஒரு நாள்



உலக உருண்டையின் உச்சியில் விரலை வையுங்கள். அதுதான் வடதுருவம். அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் ஸ்வால்பார்டு என்ற தீவுக் கூட்டம் வரும். அது நார்வே நாட்டைச் சேர்ந்தது. கோடைக் காலத்தில் பனியைப் பார்ப்பதற்கென்றே அங்கே கப்பலில் ஆட்கள் போகிறார்கள். அங்குள்ள காங்ஸ்ஃபியார்டு என்ற இடத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்னு சொல்றேன், வாங்க. டிக்கெட் வேண்டாம், ஸ்வெட்டர் போதும்!

ஃபியார்டு என்றால் என்ன?

சமூக அறிவியலில் பனியாறு படிச்சோமே, அதேதான். மலை மேல் பல ஆயிரம் வருஷமாக விழுந்த பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, மெதுவாகக் கீழே நகரும். நகரும்போது பாறையைச் சுரண்டிக்கொண்டே வரும். ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு ஆங்கில 'வி' எழுத்து மாதிரி இருக்கும். பனியாறு வெட்டியது 'யூ' எழுத்து மாதிரி அகலமாக, ஆழமாக இருக்கும். பனி பின்வாங்கியதும் அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்துவிடும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் கடல். அதுதான் ஃபியார்டு. காங்ஸ்ஃபியார்டு என்றால் 'ராஜாவின் ஃபியார்டு' என்று அர்த்தம். 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

காலை: ரப்பர் படகு

பெரிய கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரப்பர் படகில் இறங்க வேண்டும். ஜூலை மாதத்தில்கூட வெயில் 5, 6 டிகிரி செல்சியஸ்தான்! தண்ணீர் முழுக்கப் பனிக்கட்டி மிதக்கும். காது கொடுத்துக் கேட்டால், சட்டியில் பொரி வெடிக்கிற மாதிரி 'பட் பட்' என்று சத்தம் வரும். பனிக்குள் எத்தனையோ காலமாக அடைபட்டிருந்த காற்றுக் குமிழிகள், பனி உருக உருக வெடித்து வெளியே வருவதுதான் அந்தச் சத்தம்.

சில கட்டிகள் நீல நிறமாக இருக்கும். சாயம் எதுவும் இல்லை. நன்றாக இறுகிய பனி, வெளிச்சத்தில் உள்ள சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகிறது. நாம் கண்ணால் பார்ப்பது கட்டியில் பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கு தண்ணீருக்குள்ளே!

எதிரே பனியாற்றின் முகம் சுவர் மாதிரி நிற்கும். கிட்டே போகக் கூடாது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஒரு துண்டு உடைந்து விழலாம். விழுந்தால் எழும்புகிற அலை படகையே கவிழ்த்துவிடும். அந்தச் சுவருக்கு முன்னால் கடல்பறவைகள் கூட்டமாகச் சுற்றும். ஏன் தெரியுமா? உருகிய தண்ணீர் பனியாற்றின் அடியில் வெளியே வருகிறது. அது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரைவிட லேசானது. அதனால் மேலே பொங்கி வரும்போது சின்னச் சின்ன கடல் உயிர்களையும் தூக்கிக்கொண்டு வருகிறது. பறவைகளுக்கு அன்னதானம்!

மதியம்: நம் நாட்டு வீடு

ஃபியார்டின் கரையில் நீ-ஆலசுண்ட் என்ற சின்ன ஊர் இருக்கிறது. முன்பு நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடம். 1962-இல் நடந்த விபத்தில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள். இந்தியாவின் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. பெயர் ஹிமாத்ரி. 2008-இல் திறந்தது. 2014-இல் நம் விஞ்ஞானிகள் இந்த ஃபியார்டின் தண்ணீருக்குள் 'இண்ட்ஆர்க்' என்ற கருவித் தொகுப்பை இறக்கினார்கள். கடலின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் அது அளந்தது. அதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. நமக்குப் பெருமைதானே!

அந்த ஊருக்குப் போகிறவர்கள் செல்போனில் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்க வேண்டும். வானத்தில் வெகுதூரத்திலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் கருவிகள் அங்கே இருக்கின்றன. நம் போன் சத்தம் போட்டால் அதற்குக் காது கேட்காது!

சாயங்காலம்: பெயர் மாறாத தீவு

எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது இதுதான். ஊருக்கு எதிரே ப்ளோம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா என்ற இடம் இருக்கிறது. 'ஹால்வோயா' என்றால் தீபகற்பம். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் பனியாறு அதைக் கரையோடு சேர்த்துப் பிடித்திருந்தது. அந்தப் பனியாறு உருகிப் பின்வாங்கிவிட்டது. இப்போது நான்கு பக்கமும் கடல்! அது தீவாகிவிட்டது. ஆனால் வரைபடத்தில் இன்னும் தீபகற்பம் என்ற பெயர்தான். முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஃபியார்டின் உள்பகுதி கெட்டியாக உறையும். 2006-க்குப் பிறகு பல வருஷம் முன்பு போல உறையவில்லை. உலகத்தின் மற்ற இடங்களைவிட ஸ்வால்பார்டு பல மடங்கு வேகமாகச் சூடாகிறது.

ராத்திரி: தூங்காத சூரியன்

கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. ராத்திரி 12 மணிக்கும் வெயில்! ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் தூங்கணும்.

போகலாமா, கூடாதா?

கப்பல் ஓட எண்ணெய் எரிய வேண்டும். அந்தப் புகையும் பூமியைச் சூடாக்கும். பனியைப் பார்க்கப் போகிறவர்களே பனி உருகக் காரணமாகலாமா? அதனால் நார்வே அரசு சட்டங்களை இறுக்கியிருக்கிறது. 2025 முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக் கூடாது. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். இது போதுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். போய்ப் பார்த்தவர்கள் அளந்து எழுதியதால்தான் நமக்கும் இதெல்லாம் தெரிகிறது. ஆனால் வேடிக்கை பார்ப்பது வேறு, அளந்து பார்ப்பது வேறு என்பது என் கருத்து.

செய்து பாருங்கள்

இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் ஐஸ் கட்டியை மிதக்க விடுங்கள். இன்னொன்றில், தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி ஒரு கல்லை வைத்து, அதன் மேல் ஐஸ் கட்டியை வையுங்கள். தண்ணீர் மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். ஐஸ் உருகியதும் பாருங்கள். முதல் டம்ளரில் மட்டம் ஏறாது, இரண்டாவதில் ஏறும். நிலத்தில் இருக்கும் பனியாறு உருகினால் கடல் மட்டம் ஏன் உயர்கிறது என்று அப்போது புரியும். செய்து பார்த்தவர்கள் உங்கள் வகுப்புக்கும் செய்து காட்டுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி