தேயிலை மண்ணும் உயிர்க்கரியும்

கவ்வாத்து முடிந்த தேயிலை மலையைக் காணாத மாணவர் கொட்டகலையில் இலர். வெட்டிய மிளாறுகள் சரிவெங்கும் கிடக்கும். பருத்தவற்றை விறகுக்கெனக் கட்டிச் சுமந்து செல்வர். அம்மிளாறுகளைக் கரியாக்கி மீண்டும் அம்மண்ணுக்கே இடலாகுமா என்னும் வினா, கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்குரிய பொருளாக இன்று வளர்ந்துள்ளது. அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

விறகு, உமி, தேயிலைக் கழிவு முதலியவற்றை ஒட்சிசன் மிகக் குறைந்த கலத்தில் இட்டு, ஏறத்தாழ 300 முதல் 700 பாகை செல்சியசு வரை வெப்பமேற்றினால் அவை சாம்பராகாது கரியாகும். மண்ணில் இடுதற்பொருட்டு இவ்வாறு ஆக்குவதே உயிர்க்கரி. அதன் நுண்டுளைகள் நீரைத் தேக்கும்; பசளையிலுள்ள அமோனியம் மழையிற் கரைந்தோடாது ஓரளவு பற்றிவைக்கும். அதன் காபனிற் பெரும்பகுதி நூற்றாண்டுகள் கழியினும் சிதையாது மண்ணில் நிற்பதால், வளிமண்டலத்துக்கு மீளும் கரியமில வாயுவும் குறைகின்றது. அமேசன் ஆற்றுப் படுகையிற் பழங்குடியினர் வாழ்ந்த இடங்களிற் காணப்படும் கரி கலந்த கறுப்பு மண், இன்றும் வளங்குன்றாதிருத்தல் இதற்குச் சான்று.

எனினும் தேயிலையின் இயல்பு வேறு. ஏனைய பயிர் பலவற்றுக்கு ஒவ்வாத அமில மண்ணே அதற்கு உகந்தது, பீ.எச். பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டிருத்தல் நன்று. உயிர்க்கரியோ பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அதிலும் உயர்ந்த வெப்பத்தில் ஆக்கியது மிகுந்த காரமுடையது. ஆகவே, காய்கறித் தோட்டத்துக்கு நலஞ்செய்யும் கரி, அளவு மீறின் தேயிலைக்குத் தீங்காகலாம். எவ்வெப்பத்தில் ஆக்குவது, எவ்வளவு இடுவது, ஒரு கவ்வாத்திலிருந்து மறு கவ்வாத்துவரை அது மண்ணை எவ்வாறு மாற்றும் என்பன, எம் மலைச்சரிவிலேயே பல்லாண்டு சோதித்து அறியவேண்டியவை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே தடை நீக்கப்பட்டமை நினைவிருக்கும். இட்ட பசளையை வீணாக்காத மண்ணின் அருமையை அவ்வாண்டு தோட்டங்கள் நன்குணர்ந்தன.

தேயிலைக் கழிவுக் கரி ஆய்வுலகுக்குப் புதிதன்று. அதனை 300, 700 பாகைகளில் ஆக்கி, கால்நடைகளுக்கு வழங்கும் சல்பாமெதசீன் என்னும் மருந்தை நீரினின்று அகற்றும் ஆற்றலை ஆராய்ந்த கட்டுரையொன்று, இலங்கையரும் கொரியரும் இணைந்து எழுதி 2014இல் வெளிவந்தது. நீராவியாற் பதப்படுத்திய 700 பாகைக் கரியே அதிற் சிறந்து விளங்கிற்று.

ஆய்வுகூடத்தில் இருப்போர் எளிதில் மறக்கக்கூடியது ஒன்றுண்டு. மிளாறு கழிவன்று, லயத்து அடுப்பின் எரிபொருள். அதனைக் கரிக்கலத்துக்கு அனுப்பினால் அவ்வடுப்பு எதனால் எரியும்? இவ்வினாவை எழுப்ப, மலையகத்துப் பிள்ளையினும் தகுதியுடையார் யாவர்?

வழி தொலைவிலில்லை. 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் அண்மையிலுள்ள தலவாக்கலையிலேயே உள்ளது. பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1975 முதல் இயங்குகின்றது. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் பயின்று, விவசாயத்திலோ இரசாயனத்திலோ சிறப்புப் பட்டம் பெற்றபின், ஆய்வுத் திட்டமொன்றை வரைந்து, அதனை நெறிப்படுத்த இசையும் பேராசிரியரை நாடுதல் வேண்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் அமைதலே வழக்கம். தமிழாசிரியராகிய யாமே இதனைச் சொல்லுதலால், மாணவர் ஆங்கில பாடத்தை இப்பொழுதே ஊன்றிக் கற்பாராக.