ஒரு மாலைப் பொழுதுக்கு ஓர் உடை

சென்ற ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்து நாம் பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வாயிற்படியில் காத்திருந்தார். கையில் கைப்பேசி, முகத்தில் கவலை. "சாமி, அமெரிக்காவிலே இருக்கிற என் மக வீட்டிலே சண்டை. அதுவும் பிள்ளைங்க சட்டைக்காகச் சண்டை. மூணு நாளா ரெண்டு பேரும் பேசிக்கலையாம். நீங்க இதைப் படிச்சு ஒரு நல்ல வார்த்தை சொல்லணும்" என்று கைப்பேசியை நம்மிடம் நீட்டினார்.

அதில் இருந்தது, அவருடைய மகள் எழுதியனுப்பிய நீண்ட மடல். நியூஜெர்சி மாநிலத்தில் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் வாழ்பவர் அவர். அக்டோபர் 31ஆம் நாள் மாலை அந்நாட்டில் ஹாலோவீன் கொண்டாடப்படுகிறது. பிள்ளைகள் மாறுவேடம் பூண்டு வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்கி வருவார்கள். எட்டு வயது மூத்த மகன் விண்வெளி வீரர் உடை வேண்டுமென்று கடையில் ஒன்றைக் காட்டியிருக்கிறான். விலை 60 டாலர். இளையவர் இருவரும் ஆளுக்கு 45 டாலர் உடையைத் தேர்ந்துகொண்டார்கள். ஆக 150 டாலர். கணவருக்கோ வேலை நேரம் குறைக்கப்பட்டு, வீட்டு வாடகையே சுமையாயிருந்த நேரம். "ஒரு காசு கொடுக்க மாட்டேன், இது பேய்களின் விழா" என்று அவர் மறுத்துவிட்டார். "வகுப்பில் எல்லாரும் வேடமிட்டு நிற்க, நம் பிள்ளை மட்டும் தலைகுனிந்து நிற்பதா?" என்பது தாயின் கண்ணீர். மடலின் முடிவில் ஒரே கேள்வி: "எவ்வளவு செலவிடலாம் என்று சாமியிடம் கேட்டுச் சொல்லுங்கள் அம்மா."

இக்கேள்வி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் பங்குகளிலிருந்து கடல் கடந்து சென்று குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களுடைய பேரக் குழந்தைகளின் வேடமிட்ட படங்களைக் கண்டு மகிழ்வதா, வருந்துவதா என்று அறியாமல் இங்கே திகைக்கும் பாட்டன் பாட்டியரும் பலர். ஆகவே அக்குடும்பத்தாரின் இசைவுடன், நாம் அவர்களுக்கு எழுதிய மறுமொழியை இங்கே சற்று விரித்துத் தருகிறோம்.

விழாவின் வேர்

ஹாலோவீன் என்னும் பெயரின் பொருளே "புனிதர் அனைவர் பெருவிழாவின் முந்திய மாலை" என்பதுதான். கி.பி. 609இல் திருத்தந்தை நான்காம் போனிப்பாஸ், உரோமை நகரின் பாந்தெயோன் கோவிலை அன்னை மரியாவுக்கும் மறைசாட்சியர் அனைவருக்கும் நேர்ந்தளித்தார். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி, புனித பேதுரு பேராலயத்தில் புனிதர் அனைவர் பெயரால் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835இல், திருத்தந்தை நான்காம் கிரகோரியின் காலத்தில், நவம்பர் 1ஆம் நாள் பெருவிழா பிராங்கு நாடெங்கும் நிலைபெற்றது. இதையொட்டி, ஏறத்தாழ 998இல் குளூனி மடத்தின் தலைவர் புனித ஓதிலோ, இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாடும் நாளாக நவம்பர் 2ஆம் நாளைத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். நாம் கல்லறைத் திருநாளாகக் கொண்டாடுவது அந்நாளையே.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த பழைய கெல்டிக் மக்களுக்கு அதே பருவத்தில் அறுவடை முடிவு விழா ஒன்று இருந்தது. அதன் வழக்கங்கள் சில இம்மாலையோடு கலந்தன என்பதும் உண்மையே. எனவே இதை முற்றிலும் தீயதென்று தள்ளவும் வேண்டா. எல்லாம் நல்லதென்று அள்ளவும் வேண்டா. இரத்தமும் கோரமும் காட்டும் வேடங்களைப் பெற்றோர் விலக்கலாம். விண்வெளி வீரனாகவோ வண்ணத்துப்பூச்சியாகவோ குழந்தை விளையாடுவதில் பாவம் எதுவும் நமக்குத் தென்படவில்லை.

வீட்டு உடையும் கடை உடையும்

நம் கேள்வி செலவைப் பற்றியது. அதற்கு விடைகாண, அந்த வேடம் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிதல் வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில், இறந்தோர் நினைவு நாளையொட்டி ஏழைகளும் சிறுவரும் வீடு வீடாகச் செல்வார்கள். அவர்களுக்கு ஆன்ம அப்பம் எனப்பட்ட சிறிய அப்பம் கொடுக்கப்படும். பெற்றவர்கள் அவ்வீட்டில் இறந்தவர்களுக்காக மன்றாடுவார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் பெரியவர்களின் பழைய மேலங்கிகளை மாட்டிக்கொண்டு, முகத்தில் கரி பூசி, ஒரு பாட்டோ பாடலோ சொல்லி, ஆப்பிளும் கொட்டைகளும் காசும் பெற்று வருவார்கள். உடைக்கென்று செலவு எதுவும் இல்லை. கொடுப்பதும் பெறுவதுமே விழாவாயிருந்தது.

1845இல் தொடங்கிய கொடிய பஞ்சத்தினால் அயர்லாந்து மக்கள் பெருந்திரளாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, இவ்வழக்கமும் அவர்களோடு கப்பலேறியது. ஊரிலே அவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அங்கே பூசணிக்காய் அதன் இடத்தைப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் கடை உடை வந்தது. 1937இல் நியூயார்க் நகரில் தொடங்கிய பென் கூப்பர் நிறுவனம், மெல்லிய அங்கியும் பிளாஸ்டிக் முகமூடியும் அடங்கிய அட்டைப் பெட்டிகளை மலிவாக விற்றது. திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் கண்ட உருவங்களை அப்படியே அணியலாம் என்றானபின், பழைய மேலங்கி பெட்டியடியில் போய்விட்டது.

கணக்குப் பார்ப்போம்

அமெரிக்காவின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2023இல் வெளியிட்ட கணிப்பின்படி, அவ்வாண்டு ஹாலோவீனுக்காக அந்நாட்டு மக்கள் ஒதுக்கிய தொகை 1,220 கோடி டாலர். அதில் குழந்தைகளின் உடைகளுக்கு 140 கோடி. நாய் பூனைகளின் உடைகளுக்கு மட்டும் 70 கோடி! இச்செலவுக்கும் தேவைக்கும் தொடர்பில்லை என்பதை உணர இந்த ஓர் எண்ணே போதும்.

இனி வீட்டுக் கணக்கு. 2009இல் அமெரிக்கக் கூட்டரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்களில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும், அக்கூலி பெறும் ஒருவர் 150 டாலர் ஈட்ட இருபது மணி நேரத்திற்கு மேல் உழைக்க வேண்டும். அந்த உடைகளைப் பிள்ளைகள் அணிந்திருப்பதோ இரண்டு அல்லது மூன்று மணி நேரம். அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்திருப்பான், ஆசையும் மாறியிருக்கும்.

அதன்பின் அவ்வுடை எங்கே போகிறது? 2019இல் இங்கிலாந்தில் 19 வணிக நிறுவனங்கள் விற்ற 324 ஹாலோவீன் உடைகளை ஒரு தொண்டு நிறுவனம் ஆராய்ந்தபோது, அவற்றிலிருந்த துணி முதலிய பொருள்களில் 83 விழுக்காடு எண்ணெயிலிருந்து செய்யப்படும் பிளாஸ்டிக் வகையே எனக் கண்டது. மண்ணில் மக்காத பொருள் அது. ஒரு மாலையின் மகிழ்ச்சி, பேரப் பிள்ளைகளின் காலம்வரை குப்பையாய்க் கிடக்கும்.

தந்தைக்கும் தாய்க்கும்

இவ்வளவும் கேட்டு, "நான் சொன்னது சரிதானே!" என்று தந்தை பெருமை கொள்ள வேண்டா. சிக்கனம் நற்பண்பு, ஆனால் பிள்ளையின் வெட்கத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் சிக்கனம் நற்பண்பாகாது. அந்நிய நாட்டில், நிறத்தாலும் பெயராலும் ஏற்கெனவே வேறுபட்டு நிற்கும் சிறுவன், தோழர்களோடு ஒரு மாலையேனும் ஒன்றாய் நடக்க விரும்புவது இயல்பே. அவன் கேட்பது பகட்டு அன்று, தோழமை.

தாய்க்கும் ஒரு சொல். தோழமையைக் கடையில் வாங்க முடியாது. இவ்வாண்டு 60 டாலர் கொடுத்து விலக்கிய வெட்கம், அடுத்த ஆண்டு 80 டாலர் கேட்டு வரும். தன் மதிப்பு தான் அணிந்திருப்பதில் உள்ளது என்ற பாடத்தை எட்டு வயதில் கற்ற பிள்ளை, பதினெட்டு வயதில் அதை மறந்துவிடுவானா? பொன் மோதிரமும் பளபளப்பான ஆடையும் அணிந்தவனுக்கு முதலிடம் கொடுப்பதைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்துகொண்டதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் நன்று.

அந்த மூதாட்டி நம்மிடம் சொன்ன செய்தி ஒன்றையும் மகளுக்கு நினைவூட்டினோம். அவர் நம் பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தபோது, மாறுவேடப் போட்டியில் ஔவையாராக நின்றாராம். பாட்டியின் வெள்ளைச் சேலை, ஊன்றுகோலாக ஒரு வேப்பங்கம்பு, நெற்றி நிறையத் திருநீறு. காசுச் செலவு எதுவுமில்லை. "பரிசு ஏதும் கிடைக்கலை சாமி. ஆனா அந்தக் கம்பை ஒரு வருசம் வீட்டிலே வச்சிருந்தா" என்றார் தாய். அந்த மகள் அன்று வெட்கப்பட்டாரா? நாம் கேட்டோம். விடை அவருக்கே தெரியும்.

நான்கு அளவுகோல்கள்

"எவ்வளவு?" என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே தொகையை நாம் சொல்ல இயலாது. ஆனால் நான்கு அளவுகோல்களைக் கூறலாம்.

முதலாவது: கடைக்குச் செல்லுமுன், கணவனும் மனைவியும் சேர்ந்து மொத்தத் தொகையைக் குறித்துக்கொள்க. இனிப்பும் பூசணிக்காயும் அதில் அடங்கட்டும். அது அம்மாதத்து வருமானத்திலிருந்து வரட்டும். கடன் அட்டையிலிருந்து வேண்டா. ஒரு மாலைக்காக வாங்கிய கடனுக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் வட்டி கட்டுவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது: ஒரு பிள்ளையின் வேடத்திற்கு ஆகும் செலவு, அவன் பள்ளிக்கு அணிந்து செல்லும் ஒரு சாதாரண உடையின் விலையை மிகாதிருக்கட்டும். நாள்தோறும் அணிவதைவிட ஒருநாள் அணிவது விலை உயர்ந்ததாயிருக்க நியாயம் இல்லை. பயன்படுத்திய உடை விற்கும் கடைகளும், நண்பர் வீட்டில் சென்ற ஆண்டு அணிந்து வைத்த உடைகளும் உண்டு. ஆனால் பாதுகாப்பில் சிக்கனம் வேண்டா. எளிதில் தீப்பற்றும் துணியை விலக்குக. கண்ணை மறைக்கும் முகமூடியைத் தவிர்க்க. இருளில் வாகன ஒளிபட்டு மின்னும் பட்டையை உடையில் ஒட்டுக.

மூன்றாவது: வேடத்தில் பிள்ளையின் கைவேலை பாதியேனும் இருக்கட்டும். அட்டைப் பெட்டியும் பழைய போர்வையும் பசையும் வண்ணமும் கொண்டு அவன் தானே ஆக்கியதை எவரும் எள்ளினாலும், "இது நான் செய்தது" என்று சொல்ல அவனுக்கு வாய் இருக்கும். கடை உடைக்கு அந்த விடை கிடையாது.

நான்காவது: புனித மார்ட்டினின் கணக்கு. நான்காம் நூற்றாண்டில் உரோமைப் படைவீரராயிருந்த அவர், அமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய இரவலனைக் கண்டு தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். பாதியைத் தமக்கே வைத்துக்கொண்டார் என்பதையும் நோக்குக. அவர் திருநாள் நவம்பர் 11. ஹாலோவீனுக்குப் பதினொரு நாள் கழித்து வருவது. குறித்த தொகையில் பாதி பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு. பாதி ஆடையும் உணவும் இல்லாத பிள்ளைக்கு. இது நடவாத காரியம் அன்று. 1950இல் பிலடெல்பியா நகரில் சில சிறுவர் ஹாலோவீன் மாலையில் இனிப்போடு காசும் கேட்டுப் பால் அட்டைப் பெட்டிகளில் சேர்த்து, 17 டாலரை யூனிசெப் நிறுவனத்திற்கு அனுப்பினர். அந்தச் சிறு தொடக்கம் பின்வந்த ஆண்டுகளில் 17 கோடி டாலருக்கும் மேலாகப் பெருகி உலகின் ஏழைக் குழந்தைகளைச் சேர்ந்தது.

இவற்றை எழுதியனுப்பிவிட்டு நாம் வேறு பணிகளில் மூழ்கிவிட்டோம். நவம்பர் 2ஆம் நாள் மாலை, கல்லறைகளை மந்திரித்துத் திரும்பும் வழியில், கணவரின் கல்லறையருகே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த அம்மூதாட்டி நம்மை நிறுத்திக் கைப்பேசியைக் காட்டினார்.

படத்தில் விண்வெளி வீரன் நின்றான். உடல் முழுதும் அட்டை; முதுகில் வெள்ளி வண்ணம் பூசிய இரு வெற்றுப் புட்டிகள்; தலையில் வெட்டிய வாளி ஒன்று. அவன் பக்கத்தில் கையெல்லாம் வண்ணக் கறையோடு தந்தை. மொத்தம் 60 டாலர் என்று இருவரும் அமர்ந்து குறித்தார்களாம். மூன்று பிள்ளைகளுக்கும் 30. மற்ற 30 அங்குள்ள ஆலயத்தின் ஏழைகள் உணவுப் பெட்டிக்கு. இரண்டாம் தெருவிலேயே ஒரு புட்டி கழன்று விழுந்துவிட்டதாம். "விண்வெளியிலே எடை கிடையாது, அதான் கழன்றுடுச்சு" என்று பேரன் தோழர்களிடம் சொல்லிச் சமாளித்தானாம். சொல்லிச் சிரித்த மூதாட்டி, சற்று நேரம் கழித்து, "ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க சாமி; அது போதும்" என்றார்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழும். அது ஹாலோவீனாகவே இருக்க வேண்டியதில்லை. பள்ளி விழாவோ புதுநன்மையோ திருமணமோ, பிள்ளை ஓர் உடையைச் சுட்டிக்காட்டும் நாள் வரும். அன்று விலைச் சீட்டைப் பார்க்குமுன், கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். தொகையை இருவருமாய்க் குறியுங்கள். உடையைப் பிள்ளையோடு சேர்ந்து ஆக்குங்கள். இல்லாத ஒருவனின் பங்கை மறவாதீர்கள்.