சைலன்சரை உருவினால் பவர் கூடுமா?

"மச்சி, சைலன்சர் உள்ளே இருக்கிறதை உருவிட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்டா!" செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை எந்த டீக்கடை வாசலில் நின்றாலும் காதில் விழும் வசனம் இது. சத்தம் கூடுவது உண்மை. பவர் கூடுகிறதா? டிப்ளமோ படிக்கும் நாம் இதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டாமா நண்பர்களே?

யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1985-ல் வந்தது; 1996-ல் தயாரிப்பு நின்றது. ஆனாலும் செகண்ட் ஹேண்டில் அதற்கு இன்னும் மவுசுதான்! போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 98 சி.சி. பவர் 7500 ஆர்.பி.எம்.மில் 11 குதிரைத்திறன்.

டார்க்கையும் ஆர்.பி.எம்.மையும் பெருக்கினால் வருவது பவர். எனவே பவரைக் கூட்ட வழி இரண்டுதான். ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் கலவையை அடைக்க வேண்டும். அல்லது, சுற்றுகளைக் கூட்ட வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்தான் கடைசியாக மூடுகிறது. அதற்குள் புதுக் கலவையில் ஒரு பகுதி வெளியே ஓடிவிடும். அதைத் திருப்பி உள்ளே தள்ளுவது எது? சைலன்சர் குழாயில் ஓடும் அழுத்த அலை! குழாய் முதலில் விரிந்து பிறகு குறுகுகிறது. குறுகும் இடத்தில் மோதிய அலை திரும்பி வந்து, ஓடிய கலவையை சிலிண்டருக்குள் தள்ளுகிறது.

7500 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெகண்ட். போர்ட் சுமார் அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெகண்ட் திறந்திருக்கும். சூடான புகையில் அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர். அப்படியானால் 2 மீட்டர் ஓடும். போக 1 மீட்டர், வர 1 மீட்டர். 10,000 ஆர்.பி.எம். வேண்டுமென்றால் இதே கணக்கில் 75 செ.மீ. போதும். ரேஸ் வண்டியின் குழாய் குட்டையாக இருக்கும் ரகசியம் இதுதான். கணக்கில்லாமல் உள்ளே இருப்பதை உருவினால் இந்த ஒழுங்கு கெடும். மிஞ்சுவது சத்தம் மட்டுமே!

இந்த வித்தையை 1950-களில் வளர்த்தெடுத்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்து வால்டர் காடன். 1961-ல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே வருடம் அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி, சுசுகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்கு! அந்த சுசுகிதான் பின்னாளில் டி.வி.எஸ்.ஸுடன் சேர்ந்து நம் ஓசூரில் 100 சி.சி. வண்டி செய்தது.

சரி, போர்ட்டை ராவி உயர்த்தினால்? டாப்பில் பவர் வரும். ஆனால் பவர் ஸ்ட்ரோக் குறைவதால் கீழ் ஆர்.பி.எம்.மில் வண்டி இழுக்காது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் திணறும். ஹெட்டை லேத்தில் கடைந்தால் கம்ப்ரஷன் ஏறும். அளவு மீறினால் 'நாக்கிங்' வந்து பிஸ்டன் தலை ஓட்டையாகும். காற்று அதிகம் போகிறதே என்று மெயின் ஜெட்டையும் பெரிதாக்காவிட்டால் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் 'சீஸ்' ஆகும். ஓடும்போது சீஸ் ஆனால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் பின்னால் லாரி வந்தால்?

இன்னொன்று: பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் விசை, ஆர்.பி.எம்.மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 7500-ஐ 10,000 ஆக்கினால் கனெக்டிங் ராடின் மீது சுமார் 1.78 மடங்கு பாரம். கிரேங்க் பேரிங்கும் பிரேக்கும் மட்டும் பழையபடியே இருக்கும்!

ஆகவே ட்யூனிங் என்பது இலவசமாக வருவதல்ல. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. ரேஸ் எஞ்சினைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், தேய்ந்ததை மாற்றுவார்கள். அதற்கான இடமும் வேறு. அன்று சோழவரம் விமானத்தளம். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டை டிராக். வேளச்சேரி மெயின் ரோடு அல்ல! அரசின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொது இடத்தில் ரேஸ் விடுவது 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம்.

ஆசை இருக்கிறதா? வெர்னியரை எடுங்கள். பழைய சிலிண்டர் ஒன்றை வாங்கிப் போர்ட்டை அளந்து, டிகிரிக் கணக்குப் போடுங்கள். ராவுவதற்கு முன் அளக்கத் தெரிந்தவன்தான் நாளைய எஞ்சினியர்!