கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீர்வதேன்?

களப்பணியாளரின் ஸ்மார்ட்போன் நண்பகலுக்குள் நின்றுவிடுமாயின் அன்றைய பதிவுகள் தடைப்படும். மின்கலம் பழுதாயிற்று என உடனே முடிவு செய்தல் சரியன்று.

முதற்கண் கவனிக்கத்தக்கது கோபுரத்தின் தொலைவு. கோபுரம் தொலைவிலிருப்பின், அதனை எட்டும்பொருட்டுக் கைப்பேசி மிகுந்த ஆற்றலுடன் அலைகளை அனுப்புகிறது. தொடர்பு அறுந்தால் கோபுரத்தை மீண்டும் மீண்டும் தேடுகிறது. ஆகவே, தொடர்பு கிட்டாத காடுகளிலும் மலைகளிலும் 'விமானப் பயன்முறை'யை இயக்கி வைத்தல் நலம். பெரும்பாலான கருவிகளில் இடங்காட்டும் ஜி.பி.எஸ். அப்போதும் செயற்படும்.

அடுத்த பெருஞ்செலவு திரையின் ஒளி. அதனைத் தேவைக்கேற்பக் குறைக்கலாம். அமைப்புகளிலுள்ள 'பேட்டரி' என்னும் பட்டியல், எந்தச் செயலி எவ்வளவு மின்சாரம் கொண்டது என்பதைக் காட்டும். வேண்டாதபோதும் பின்னணியில் இயங்கும் செயலியை நிறுத்திவிடலாம்.

இவை யாவும் அன்றாடச் செலவுகள். மீண்டும் மின்னேற்றினால் ஈடாகும். வெப்பத்தால் விளையும் கேடோ மீளாதது. 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலம், வெப்பம் மிகுந்தால் தன் கொள்ளளவை நிரந்தரமாக இழக்கிறது. வெயிலில் நிற்கும் வாகனத்தினுள் கைப்பேசியை வைத்தலும், வெயிலில் வைத்து மின்னேற்றுதலும் தவிர்க்கத்தக்கவை. கொள்ளளவு 80 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிய மின்கலத்தை மாற்றுதல் தகும். மின்கலம் உப்பியிருப்பின், அதனை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும். துளைத்தலோ அழுத்துதலோ கூடாது.